வீட்டுப் படங்களும் கையடக்க இடாப்பும்

முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடொன்றின் அலுமாரியைத் திறந்து பார்ப்பின், துணிமணிகளுக்கும் பழைய கடிதக் கட்டுகளுக்கும் இடையிலே ஒரு சிறு படச்சாலை அடங்கிக் கிடப்பதைக் காணலாம். கரிய நிறமான வீடியோ கசெற்றுகள் சில. மெல்லிய கடதாசி உறைக்குள் இறுவட்டுகள் பல. எந்தக் கருவிக்குரியவை என்பதை வீட்டாரே மறந்துபோன சிறு நாடாப் பேழைகள் இரண்டொன்று. மேசை லாச்சிக்குள் விரல் நுனியளவான நினைவு அட்டைகள். இவற்றுள் ஒரு பகுதி கடையில் வாங்கிய திரைப்படங்கள். மற்றொரு பகுதி அந்த வீட்டாரின் சொந்தப் படங்கள்: மூத்த மகளின் திருமணம், பேரனின் ஏடு தொடக்கல், பாட்டனாரின் அந்தியேட்டி, ஊர்க் கோயிற் கொடியேற்றம். கசெற்றின் முதுகில் ஒட்டிய கடதாசி பெரும்பாலும் உரிந்து விழுந்திருக்கும். உரியாததிலே, 'அக்கா கலியாணம், இரண்டு' என்று மாத்திரம் எழுதியிருக்கும். எந்த அக்கா, முதலாவது கசெற்று எங்கே என்று வினவினால், விடை சொல்லுவார் ஒருவரும் இலர்.

'எங்களிடம் இருக்கிறது' என்று சொல்லுவது எளிது. 'இதோ இருக்கிறது' என்று எடுத்துக் காட்டுவதே அரிது. இவ்விரண்டு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்புவதுதான் இடாப்பு. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வந்தோர் யார், வராதோர் யார் என்பதை இடாப்பின்றி நினைவிலேயே வைத்திருக்கும் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், அவர் மாற்றலாகிப் போன மறுநாளே அந்த வகுப்பின் வரலாறும் அவருடன் போய்விடும். வீட்டிலுள்ள படங்களின் நிலையும் அதுவே. தாயார் ஒருவரின் நினைவிலே மாத்திரம் இருக்கும் பட்டியல் அவரோடு மறைந்துவிடும்.

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராய்த் தொடங்கி, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமித்தல் வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் என்பது வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பது. பல்லாயிரம் நூல்களுக்காக வகுத்த விதியை நூறு இறுவட்டுக்குப் பொருத்துவது குருவியின் தலையிற் பனங்காயை வைப்பது போலத் தோன்றக்கூடும். ஆயினும் தேடுவோரின் நேரமும், சேர்ந்துகொண்டே போகும் பொருளும் இரண்டிடத்தும் ஒன்றே.

பட்டியலைக் கொப்பியில் எழுதினால் என்ன என்று கேட்பவர் உளர். எழுதலாம், எழுதாதிருப்பதிலும் அது ஆயிரம் மடங்கு நன்று. ஆனால் பட்டியல் வேண்டப்படுவது பெரும்பாலும் மேசையின் முன்னே இருக்கும்போது அன்று. கடையில் நின்று ஒரு பழைய படத்தின் இறுவட்டைக் கையில் எடுத்து, இது வீட்டில் உண்டா இல்லையா என்று தடுமாறும்போதும், உறவினர் வீட்டு விறாந்தையில் அவர்கள் ஒரு கசெற்றை நீட்டி, 'இது உங்களுடையதுதானே' என்று கேட்கும்போதும், அலுமாரியின் முன் முழந்தாளிட்டு அடித்தட்டைத் துழாவும்போதும் அது கையிலே இருக்க வேண்டும். கையோடு செல்லாத பட்டியலுக்குப் பாதிப் பயனே உண்டு.

இந்தத் தேவையை முன்னுணர்ந்து செய்யப்பட்ட கருவிகளுள் பெயர் பெற்றது, அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விற்பனைக்கு வந்த 'பைலற்' என்னும் கைக்கருவி. இதனைப் பாம் நிறுவனத்தார் ஆக்கினர். அதனை வகுத்த செவ் ஹோக்கின்ஸ் என்பார், கருவியைச் செய்வதற்கு முன் அதே அளவான மரத்துண்டொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து, சந்தர்ப்பம் நேரும்போதெல்லாம் அதை எடுத்து எழுதுவதுபோல் நடித்துப் பார்த்தார் என்பது கணினி வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. பையில் அடங்காத கருவியைக் காலப்போக்கில் மனிதன் வீட்டில் விட்டுச் செல்வான் என்பதை அவர் அறிந்திருந்தார். முதலில் வந்த பைலற்றின் நினைவகம் 128 கிலோபைற்று மாத்திரமே. அச்சிறு இடத்துள் முகவரிகளையும் குறிப்புகளையும் நாட்குறிப்பையும் அடக்கினர்; பின்னர் வந்த மாதிரிகளிலே திரைப்படப் பட்டியல்களையும் மக்கள் எழுதிச் சேர்த்தனர்.

அக்கருவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதில் எழுதியவை யாவும் மின்னோட்டம் உள்ளவரை மாத்திரம் நிற்கும் நினைவகத்திலேயே தங்கின. இரண்டு சிறு மின்கலங்களும் முற்றாக இறங்கிவிடின் எழுதியதெல்லாம் துடைத்தாற்போல் மறைந்துவிடும். இதற்கு மாற்றாகவே கருவியை ஒரு தாங்கியில் இருத்தி, பொத்தான் ஒன்றை அழுத்தியதும், அதிலுள்ளவற்றின் பிரதி வீட்டுக் கணினிக்குச் செல்லும் ஏற்பாட்டைச் செய்திருந்தனர். அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கம் உள்ளவர் பிழைத்தனர். சோம்பியிருந்தவர் மீண்டும் முதலாம் எண்ணிலிருந்து எழுதத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டு பாம் நிறுவனத்தை எச்.பி. நிறுவனத்தார் வாங்கினர். 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வழி வந்த கருவிகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டனர். இன்று அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. கைத்தொலைபேசியில் மின்கலம் இறங்கினாலும் எழுத்து அழியாது. ஆனால் தொலைபேசி கிணற்றில் விழும், பேருந்தில் தவறும், பிள்ளையின் கையிற் சிக்கும். கருவி மாறியதேயன்றிப் பிரதி எடுத்துவைக்க வேண்டிய கடமை மாறவில்லை.

இனி, இடாப்பில் எழுத வேண்டியவை எவை என்பதை நோக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் வருவது இலக்கம். பாடசாலையிற் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்விலக்கம் உண்டு. பிள்ளை விலகிச் சென்றாலும் அந்த இலக்கத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. படங்களுக்கும் அவ்வாறே ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு, அதனைப் பேழையின் மேலும் எழுதி, இடாப்பிலும் எழுதிவிட வேண்டும். தட்டின் மேல் எழுதுவதாயின் இறுவட்டுக்கென விற்கப்படும் மென்முனைப் பேனாவே ஏற்றது. கூரிய முனை தட்டின் மேற்பரப்பைக் கீறிவிடும். குறுந்தட்டுகளிலே பதிவுப் படலம் மேற்பக்கத்துக்கு மிக அண்மையில் உள்ளது. சிலர் இலக்கத்துக்குள்ளேயே பொருளைப் புகுத்த முயல்வர்: திருமணமாயின் 'தி', கோயிலாயின் 'கோ', அதன்பின் ஆண்டு, அதன்பின் ஊர் என்றவாறு. பத்துப் படங்கள் வரை இது அழகாகவே நடக்கும். பதினொராவது கசெற்றிலே திருமணத்தின் பின் கோயில் திருவிழாவும் பதிவாகியிருக்கும். முறை அங்கே குலைந்துபோம். இலக்கம் ஊமையாயிருப்பதே நல்லது.

கடையில் வாங்கிய இறுவட்டுகளின் உறையிலே கறுப்புக் கோடுகளாலான பட்டைக்குறி ஒன்று இருக்கும். கைத்தொலைபேசியின் படக்கருவியை அதன்மேற் பிடித்தால், செயலி சில அந்த இலக்கத்தைப் படித்துப் படத்தின் பெயரை இணையத்தளத்திலிருந்து தாமே கொண்டுவந்து நிரப்பும். பட்டைக்குறியின் முதல் மூன்று எண்கள் அவ்விலக்கத்தை வழங்கிய நாட்டு அமைப்பைக் குறிப்பன: 890 இந்தியாவினது, 479 இலங்கையினது. வசதியான ஏற்பாடுதான். ஆயினும் அது சரக்கின் குறியேயன்றி வீட்டிலுள்ள பிரதியின் குறியன்று. ஒரே படத்தின் இரண்டு தட்டுகள் வீட்டில் இருந்தால், நல்லது எது, கீறல் விழுந்தது எது என்று அது சொல்லாது. பாட்டனாரின் அந்தியேட்டிக்குப் பட்டைக்குறியே இல்லை.

அடுத்தது பெயர். இங்கேதான் சிக்கல்கள் மிகுதி. 'அம்பிகாபதி' என்று எழுதிவிட்டால் போதும் எனக் கருதலாம். எந்த அம்பிகாபதி? தியாகராஜ பாகவதர் நடித்தது 1937ஆம் ஆண்டில் வந்தது. சிவாஜி கணேசன் நடித்தது 1957ஆம் ஆண்டில் வந்தது. 'பில்லா' 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. ஆகவே பெயரோடு ஆண்டும் சேராத பதிவு அரைப் பதிவேயாகும். மொழியையும் குறித்தல் வேண்டும். 'சந்திரலேகா' 1948இல் தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. 'மாயாபஜார்' 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. தமிழ்ப் படம் என்று நம்பி இரவல் வாங்கிச் சென்றவர் தெலுங்குப் பாட்டைக் கேட்டுத் திகைப்பதற்கு இடாப்புக்காரரே பொறுப்பாளி.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. படைப்பு வேறு, பிரதி வேறு. மாயாபஜார் என்பது படைப்பு. அலுமாரியின் மூன்றாந் தட்டிலே இடப்புறத்திலிருந்து நான்காவதாக இருக்கும் இறுவட்டு அதன் பிரதி. உலக நூலகர்கள் இந்த வேறுபாட்டை 1998ஆம் ஆண்டு வெளியான அறிக்கையொன்றில் நுணுக்கமாக வகுத்து, படைப்புக்கும் பிரதிக்கும் இடையே இன்னும் இரண்டு படிகளையும் காட்டியுள்ளனர். வீட்டுக்கு அத்துணை நுணுக்கம் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு படைப்பு பல தட்டுகளில் இருக்கலாம் என்பதையும், ஒரு தட்டிலே பல படைப்புகள் இருக்கலாம் என்பதையும் இடாப்பு தாங்க வேண்டும். 1993ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட வீ.சி.டி. என்னும் தட்டிலே ஏறக்குறைய 74 நிமிடப் படமே அடங்கும். தமிழ்த் திரைப்படமோ இரண்டரை மணி நேரம் ஓடுவது. எனவே ஒரு படம் இரண்டு, மூன்று தட்டுகளாக வந்தது. அவற்றுள் இரண்டாவது தட்டுக் காணாமற்போன வீடுகள் எத்தனையோ! 'மொத்தம் மூன்று, இருப்பது இரண்டு' என்று எழுதும் இடம் இல்லாத பட்டியல் உண்மையைச் சொல்லும் பட்டியல் அன்று. இதற்கு மறுதலையானது வீடியோ கசெற்று. மூன்று மணி நேரக் கசெற்றிலே திருமணம் இரண்டு மணி நேரம் ஓடி முடிய, மிகுதி நாடாவை வீணாக்க மனமின்றிப் பிள்ளையின் பிறந்தநாளையும் அதிலேயே பதிந்திருப்பர். அதனை இரண்டு வரிகளாக, ஒரே சேர்விலக்கத்தின் கீழ், தொடங்கும் நேரத்தோடு எழுத வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் கடல் கடந்து பல நாடுகளில் வாழ்வதனால், வேறெந்தச் சமூகத்தாரையும் போல இவர்களும் கவனிக்க வேண்டிய இன்னுமொரு கூறு உண்டு. இலங்கையின் தொலைக்காட்சி 'பால்' என்னும் முறையிலே அமைந்தது. அது 625 கோடுகளாலும் நொடிக்கு 25 சட்டங்களாலும் ஆனது. இங்கிலாந்து, யேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளும் அம்முறையையே பின்பற்றின. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 525 கோடுகளும் ஏறக்குறைய 30 சட்டங்களும் கொண்ட 'என்.ரி.எஸ்.சி.' முறையைக் கொண்டன. பிரான்சு 'செக்காம்' என்னும் மூன்றாவது முறையைக் கொண்டது. ரொறன்ரோவில் நடந்த தம்பியின் திருமணக் கசெற்றை ஆவலோடு கருவியில் இட்டு, கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டோடுவதைப் பார்த்து, நாடா பழுதென்று எண்ணி மூலையிற் போட்டவர் பலர். நாடா பழுதன்று; முறைதான் வேறு. இரண்டு முறைகளையும் ஏற்கும் கருவியில் இட்டால் அது இன்றும் ஓடக்கூடும். டி.வி.டி. தட்டுகளுக்கு இதனோடு பிரதேச எண்ணும் உண்டு: வட அமெரிக்காவுக்கு ஒன்று, மேற்கு ஐரோப்பாவுக்கு இரண்டு, இந்தியா இலங்கை முதலிய தென்னாசிய நாடுகளுக்கு ஐந்து. வீட்டிலே எடுத்த படத் தட்டுக்கு இத்தடை இல்லை. கடையில் வாங்கியதற்கு இருக்கலாம். 'முறை' என்று ஒரு நிரலை இடாப்பில் வைத்து, பால், என்.ரி.எஸ்.சி., செக்காம் என்று குறித்துவிட்டால், பழுதென்று எறியப்படவிருந்த நாடா ஒன்றேனும் தப்பும்.

எழுத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். படப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவது விரைவானதென்று பலர் அவ்வாறு செய்வர். 'கப்பலோட்டிய தமிழன்' என்பதன் ழகரத்தை ஒருவர் இசெட், எச் என்னும் இரண்டெழுத்தால் எழுதுவார். மற்றொருவர் எல் என்னும் ஓரெழுத்தால் எழுதுவார். ஒருவர் எழுதியதை மற்றவர் தேடினால், படம் கையெட்டும் தூரத்தில் இருக்கவும், 'இல்லை' என்று கருவி விடை கூறும். தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதுவதுதான் இதற்கு நேரிய வழி. அவ்வாறு எழுதும்போது ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறையிலேயே எழுத வேண்டும். இலங்கையிற் பெருவழக்காயிருந்த 'பாமினி' முதலிய எழுத்துருக்களில் அமைந்த பழைய பட்டியல்கள், கருவிக்குள்ளே ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகியுள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே தோன்றும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. பழைய பட்டியல் வைத்திருப்போர் அவற்றைப் பயன்படுத்திக்கொள்வது நன்று.

ஒருங்குறியிலும் ஒரு விநோதம் உண்டு. தமிழ் நெடுங்கணக்கிலே இடையின மெய்கள் ய, ர, ல, வ, ழ, ள என வந்து, அதன்பின் ற, ன என்று முடியும். ஒருங்குறியில் எழுத்துகளுக்கு இட்ட எண்வரிசையோ வேறு. அங்கே னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கின்றது. வகரம் ழகரத்துக்கும் பின்னே போய்விட்டது. எண்வரிசையையே பின்பற்றும் எளிய செயலி, 1954ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு படங்களுள் 'மனோகரா'வை முன்னும் 'மலைக்கள்ளன்' என்பதைப் பின்னும் வைக்கும். அகராதி முறைப்படி மலைக்கள்ளனே முதலில் வர வேண்டும். நல்ல செயலிகள் தமிழ் வரிசையை அறிந்தே அடுக்கும். செயலி ஒன்றைத் தெரிவு செய்யுமுன் இவ்விரு பெயர்களையும் எழுதிப் பார்த்தால் அதன் தமிழறிவு வெளிப்பட்டுவிடும்.

இடம், நிலை, இரவல் என்னும் மூன்று நிரல்களும் சிறியவை; ஆனால் நாள்தோறும் பயன்படுவன. இடம் என்பதில் 'அலுமாரி' என்று எழுதினால் போதாது. எந்த அறை, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்பது வேண்டும். இரவல் என்பதில் பெற்றவர் பெயரும் கொடுத்த திகதியும் வேண்டும். கைத்தொலைபேசியிலே ஒரு நாளைக் குறித்துவிட்டால் அந்நாளில் அது மணியடித்து நினைவூட்டும். இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது பண்பன்று என்று எண்ணும் குடும்பங்கள் இன்னும் உண்டு. திரைப்படத்தைப் பொறுத்தவரை அந்தப் பெருந்தன்மைக்கு இடமிருக்கலாம். கடையில் இன்னொன்று வாங்கலாம். ஒரே ஒரு பிரதியாக உள்ள திருமணக் கசெற்றை இரவல் கொடுப்பது பெருந்தன்மையன்று. அதைப் பிரதி செய்து, பிரதியையே கொடுத்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள சொந்தப் படங்களுக்குக் காலம் ஓர் எல்லை விதித்திருக்கின்றது. காந்த நாடாவின் ஆயுள், வைத்திருக்கும் முறையைப் பொறுத்து, பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வரை எனப் பொதுவாக மதிப்பிடுவர். முப்பது ஆண்டு கடந்தும் ஓடும் நாடாக்கள் உண்டாயினும், வெப்பமும் ஈரலிப்பும் மிகுந்த நாட்டிலே அவற்றை நம்பியிருத்தல் தகாது. நாடாவின் விளிம்பிலே வெண்மையாய்ப் பூசணம் படர்ந்திருந்தால் அதைக் கருவியில் இடவே கூடாது; அது கருவியைக் கெடுத்து, அடுத்து இடப்படும் நல்ல நாடாவிலும் தொற்றும். அத்தகையதைத் தனி உறையிலிட்டு, இடாப்பில் 'பூசணம்' என்று குறித்து, துடைத்துத் தரும் தொழிலறிந்தவரிடம் கொடுப்பதே முறை. நாடா நலமாயிருந்தாலும் அதனை ஓட்டும் கருவி கிடைக்க வேண்டுமே! 1976ஆம் ஆண்டு யப்பானிலே தொடங்கிய வீ.எச்.எஸ். கசெற்றுக்குரிய கருவிகளை இறுதிவரை செய்துவந்த புனாய் நிறுவனம், 2016ஆம் ஆண்டு யூலை மாதத்துடன் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பவை யாவும் பழையவை.

இங்கேதான் இடாப்பு வெறும் ஒழுங்கு என்னும் நிலையைக் கடந்து மீட்புக்குரிய திட்டமாகின்றது. நாற்பது கசெற்றுகள் உள்ள வீடொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரமாயின் மொத்தம் 120 மணி நேரம். நாடாவைக் கணினிக்கு மாற்றுவதற்குக் குறுக்கு வழி இல்லை. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் வீட்டுக்கு அறுபது ஞாயிறுகள், அதாவது ஓராண்டுக்கு மேல், செல்லும். எது முதலில், எது கடைசியில் என்பதைத் தீர்மானிக்காமல் மேலே கிடந்ததை எடுத்து மாற்றத் தொடங்கினால், எங்கும் கிடைக்கும் திரைப்படம் ஒன்று முதலிற் பிழைக்கும். எங்கும் கிடைக்காத பாட்டியின் குரல் அடியிற் கிடந்து கெடும். ஆண்டு, நிலை, 'வேறு பிரதி உண்டா' என்னும் மூன்று நிரல்களும் இடாப்பில் இருந்தால், கைத்தொலைபேசி ஒரு நொடியிலே அவற்றை வரிசைப்படுத்திவிடும்: மிகப் பழையது, நிலை தளர்ந்தது, வேறெங்கும் பிரதி இல்லாதது. பட்டியலின் தலையில் வந்து நிற்பதே முதலில் மாற்ற வேண்டியது.

வேறு பிரதி இல்லாமை என்பது எத்தகைய இழப்பில் முடியும் என்பதற்குத் திரையுலகமே சான்று. 1931ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' முழுப்படமாக எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. 2003ஆம் ஆண்டு புனே நகரில் நேர்ந்த தீயிலே, இந்தியத் தேசிய திரைப்படக் காப்பகத்துக்குரிய பழைய நைத்திரேற்றுப் படச்சுருள்கள் பல எரிந்தொழிந்தன. இலங்கையிலே தமிழ்ப் படம் எடுக்கும் முயற்சி 1962ஆம் ஆண்டின் 'சமுதாயம்' என்னும் 16 மில்லிமீற்றர் படத்தோடு தொடங்கியது. அப்படத்தையும் அதன்பின் வந்தவற்றையும் இன்று பார்க்க விரும்புவோர் பலவற்றைப் பெயரளவிலேயே அறிய முடிகின்றது. ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் எரிந்ததும் அந்த இழப்பின் ஒரு பகுதி. நிறுவனங்களாலேயே காக்க முடியாதவற்றை ஓர் அலுமாரி காக்கும் என்று நம்புவதற்கில்லை.

ஆதலின் இடாப்பும் படமும் ஒரே கூரையின் கீழ் மாத்திரம் இருத்தலாகாது. 1995ஆம் ஆண்டு ஒற்றோபரில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் பெயர்ந்தபோதும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையை மூடியபோதும், எத்தனையோ குடும்பங்களின் படங்கள் அழிந்தன. எவை இருந்தன என்பதற்கான சான்றும் அவற்றோடு அழிந்தது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினர் வழங்கும் எளிய கணக்கு. படங்களுக்கு இது சற்றுச் செலவானது. இடாப்புக்கோ செலவே இல்லை. ஐந்நூறு படங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் முந்நூறு எழுத்துக்குறிகள் வீதம் தமிழில் எழுதினாலும், அது நாலரை இலட்சம் பைற்றுக்குள் அடங்கும். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்திலும் அது சிறியது. மாதமொருமுறை அதனைக் கனடாவிலுள்ள மகளுக்கும் கொழும்பிலுள்ள மருமகனுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், மூன்று இடங்களில் மூன்று பிரதிகள் ஆகிவிடும்.

அனுப்பும் வடிவம் முக்கியமானது. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு பூட்டிய வடிவில் எழுத்தைச் சேமிக்கும். செயலி மறைந்தால் திறவுகோலும் மறையும். பாம் கருவியின் செயலிகளில் எழுதிய பட்டியல்கள் பலவற்றுக்கு நேர்ந்தது அதுவே. காற்புள்ளியால் நிரல்களைப் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. என்னும் எளிய வடிவம் ஒன்று உண்டு. அதனை எந்தக் கணினியும் திறக்கும், கண்ணாலும் வாசிக்கலாம். அந்த வடிவில் வெளியே எடுக்க இடந்தராத செயலி எவ்வளவு வண்ணமயமாயினும் வேண்டாம் என்று விலக்கிவிடலாம். நடிகர் படமும் நட்சத்திர மதிப்பும் காட்டும் அலங்காரங்களுக்காகப் பணம் கேட்கும் செயலிகளைவிட, கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரண விரிதாள் பல வீடுகளுக்குப் போதுமானது.

எஞ்சியிருப்பது ஒரு நிரல். கடையில் வாங்கிய படத்துக்கு நடிகர் பெயரை எழுதும் அந்த இடத்திலே, வீட்டுப் படத்துக்கு யார் பெயரை எழுதுவது? தாலி கட்டும் காட்சியை எவரும் அறிவர். ஆனால் அரிசி தூவ எழுந்து நிற்கும் வரிசையிலே ஐந்தாவதாக நிற்பவர், சமையற் கொட்டிலின் வாசலில் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொள்பவர், மேளகாரருக்குச் சோடா கொடுக்கும் இளைஞர் என்போர் யார்? படத்தில் வரும் பலர் இப்போது இல்லை. பலர் எந்த நாட்டில் உள்ளனர் என்பதே தெரியாது. கணினி முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'இருவரும் ஒருவரே' என்று கூறும் திறமை பெற்றுள்ளது. அவர் பெயர் என்ன, என்ன முறை, எந்த வளவிலிருந்து வந்தவர் என்பதை அதனாற் சொல்ல முடியாது. ஆகவே 'மனிதர்' என்று ஒரு நிரல் வகுத்து, நிமிடத்தையும் இருக்குமிடத்தையும் குறித்து, பெயரை எழுத வேண்டும். 42ஆம் நிமிடத்திலே பந்தற்காலின் அருகே வெற்றிலைத் தட்டோடு நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே மூதாட்டிக்கு வயது எண்பத்தாறு எனின், வரிசையில் மற்றெது முன்னே நின்றாலும் அந்தக் கசெற்றே முதலில் ஓட வேண்டும். பேரப்பிள்ளையொருவர் கைத்தொலைபேசியோடு பக்கத்திலிருந்து, வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தி, அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லும் உறவுமுறையோடேயே எழுதிக்கொள்ள வேண்டும்.